கடனுக்காகப் பிடித்த சம்பளத்துக்கு வரி கழியாது: கடன் தீர்வு கம்பெனிகளிடம் உஷார்

அமெரிக்காவில் கிரெடிட் கார்டு கடன் கழுத்தை நெரிக்கிற நேரம் பார்த்து, "பாதிக்குப் பேசி முடித்துத் தருகிறோம்" என்று ஒரு போன் வரும். அப்படி வந்த ஒரு கம்பெனி என்னை என்ன பாடு படுத்தியது என்பதைச் சொல்கிறேன். பெயர் எழுதவில்லை, எழுதினால் நாளைக்கு வேறு பெயரில் போன் செய்வார்கள்.

கார்டுக்குக் கட்டுவதை நிறுத்துங்கள், அந்தப் பணத்தை மாதாமாதம் எங்களிடம் கட்டுங்கள், பேங்க் தானாக இறங்கி வரும் என்றார்கள். ஒரு கடன்கூட முடியாத நிலையில், ஆரம்பத்தில் கட்டியதெல்லாம் அவர்களுடைய ஃபீஸுக்கே போனது. போனில் பேசி விற்கும் கடன் தீர்வுச் சேவைக்கு முன்கூட்டியே ஃபீஸ் வாங்கக்கூடாது என்று எஃப்டிசி (நுகர்வோரைப் பாதுகாக்கும் அமெரிக்க அரசு அமைப்பு) 2010-லேயே விதி போட்டுவிட்டது. ஒரு கடனாவது பேசி முடிந்து, அதற்கு ஒரு தவணையாவது நீங்கள் கட்டிய பிறகுதான் வாங்கலாம். அதற்கு முன்னால் கேட்கிறவரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

ஒரு பேங்க் இறங்கி வரவில்லை, கேஸ் போட்டது. கோர்ட் சம்மனைக் கம்பெனிக்கு அனுப்பிவைத்தேன். "எங்கள் லீகல் டீம் பார்த்துக்கொள்ளும்." யாரும் பதில் மனு போடவில்லை. எதிர்ப்பே இல்லாததால் தீர்ப்பு பேங்க் பக்கம் போய், நான் வேலை செய்யும் இடத்தின் பேரோலுக்கு (சம்பளப் பிரிவுக்கு) கார்னிஷ்மென்ட் ஆர்டர், அதாவது கடனுக்காகச் சம்பளத்தில் பிடிக்கச் சொல்லும் உத்தரவு, வந்தது.

அப்போது கம்பெனிக்காரர்கள் சொன்னார்களே ஒரு பொய்! "பிடிக்கிற பணம் வரியில் கழிந்துவிடும், கவலைப்படாதீர்கள்." என் பே ஸ்டப்பில் (சம்பளச் சீட்டில்) வரிகளெல்லாம் கழிந்தபிறகு, கீழே தனிப் பிடித்தமாக கார்னிஷ்மென்ட் நிற்கிறது. வருடக் கடைசியில் வந்த டபிள்யூ-2-வின் (வருடச் சம்பளக் கணக்குப் படிவம்), வரிக்குரிய சம்பளத்தைக் காட்டும் முதல் கட்டத்தில் அந்தப் பணமும் சேர்ந்த தொகைதான். கைக்கு வராவிட்டாலும் அது நம் சம்பளம், நம் கடனைத்தான் அடைக்கிறது. கார்டு கடனை அடைப்பதற்கு ஏது வரிக்கழிவு?

பிடிக்கும் அளவுக்கு ஃபெடரல் வரம்பு உண்டு. வரி, சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் போக மிஞ்சுவதில் 25 சதவீதம், அல்லது வாரத்துக்கு 217.50 டாலருக்கு மேல் இருப்பது, இரண்டில் எது குறைவோ அது. நாமாகப் போடும் 401கே (ஓய்வுக்காலச் சேமிப்பு) போன்றவற்றை இந்தக் கணக்கில் கழிக்க மாட்டார்கள். ஜீவனாம்சம், வரி பாக்கிக்கு விதியே வேறு. டெக்சாஸ் போன்ற சில மாநிலங்களில் கார்டு கடனுக்குச் சம்பளத்தில் கைவைக்கவே முடியாது.

இன்னொரு கார்டைக் குறைத்துப் பேசி முடித்தார்கள். சரி, இதிலாவது நிம்மதி என்றால், தள்ளுபடி ஆன தொகைக்கு 1099-சி என்ற வரிப் படிவம் வந்து நின்றது. தள்ளுபடி ஆன கடன் பொதுவாக வருமானம், அதற்கு வரி உண்டு என்பதை அவர்கள் மூச்சுகூட விடவில்லை. தள்ளுபடிக்கு முந்தைய நிலவரப்படி சொத்தைவிடக் கடன் அதிகமாக இருந்ததால், அந்த வரியிலிருந்து விலக்குக் கேட்கும் ஃபாரம் 982 போட்டுத் தப்பித்தேன்.

திவால் பேச்சை எடுத்தாலே "வாழ்க்கையே போய்விடும்" என்று பயமுறுத்துவார்கள். அவர்கள் பிழைப்பு அப்படி. கடைசியில் திவால் வக்கீலிடம் போனேன். மனு பதிவானதுமே கார்டு கடனுக்கான பிடித்தம் நிற்க வேண்டும்; பேரோலுக்கு நோட்டீஸ் போனது, நின்றது. சாப்டர் 7 என்ற திவால் வகையில் தள்ளுபடி ஆகும் கடன் வருமானமாகவும் கணக்கில் வராது. கிரெடிட் ரிப்போர்ட்டில் 10 வருடம் இருக்கும், அது உண்மைதான். ஜீவனாம்சம், சமீபத்திய வருமான வரி பாக்கி, பெரும்பாலான கல்விக் கடன் எல்லாம் இதில் கரையாது. வரி ரீஃபண்ட் வரவிருந்தால் மனு போடும் முன்பே வக்கீலிடம் சொல்லுங்கள், மனுவுக்கு முந்தைய காலத்து ரீஃபண்டை டிரஸ்டி (திவால் வழக்கில் நம் சொத்தைக் கவனிக்க நியமிக்கப்படுபவர்) கேட்கலாம்.

வக்கீல் சொன்ன இன்னொன்றுதான் எனக்கு அதிகம் வலித்தது. மனுவுக்கு முந்தைய 90 நாளில் ஒரே கடன்காரர் 600 டாலருக்கு மேல் பிடித்திருந்தால், அதைத் திரும்பக் கேட்க வழி இருக்கிறதாம். "இன்னும் கொஞ்சம் பொறுங்கள்" என்று கம்பெனி இழுத்ததில், என்னிடம் பிடித்ததில் பெரும்பகுதி அந்தக் கெடுவைத் தாண்டிவிட்டது. ஃபீஸைத் திருப்பிக் கேட்டு மாநில அட்டர்னி ஜெனரல் (மாநில அரசின் தலைமை வக்கீல்) அலுவலகத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். இதுவரை சல்லிக்காசு வரவில்லை.