ஹாட்டா, ஸ்பைசியா?

நெல்லையில் வாழையிலைத் துண்டில் நெய் மினுங்க வரும் அல்வா ‘ஹாட்’. வாய் திகட்டாமலிருக்கக் கொறிக்கும் கார மிக்சரும் ‘ஹாட்’தான். சூடு, காரம் என நாம் பிரித்து வைத்ததை ஆங்கிலம் ஒரே சொல்லில் அடைத்துவிட்டது. உடம்பும் அப்படித்தான்: சுமார் 43 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தை உணரும் அதே நரம்புமுனை ஏற்பியைத்தான் மிளகாயின் காரப்பொருளான கேப்சைசினும் தூண்டுகிறது.

‘ஸ்பைசி’யில் சூட்டுக்கு இடமில்லை. காரத்தைக் குறிக்கும், பட்டை, கிராம்பு மணக்கும் மசாலாவையும் குறிக்கும். காரத்தைச் சொல்ல நான் இதையே எடுப்பேன். காபிக்கு ‘ஹாட்’ போதும்.

ஒருமுறை எங்கள் வீட்டுச் சொதியை வாயில் வைத்த விருந்தாளி ‘டூ ஹாட்’ என்றார். அத்தை பதறித் தயிரை எடுத்து வந்தார். விருந்தாளியோ கிண்ணத்தை ஊதிக்கொண்டிருந்தார். தேங்காய்ப்பால் சொதியில் காரம் ஏது!