ரவிவர்மா ஓவியங்களைப் பார்க்க: பஸ்ஸா, ரயிலா?

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் மியூசியம் தோட்டத்துக்கு ஒரே நாளில் போய்வர எது நல்லது என்று பலர் கேட்கிறார்கள். தூரம் சுமார் 70 கிலோமீட்டர்.

செலவு: பாசஞ்சர் ரயில் டிக்கெட் பஸ் கட்டணத்தைவிட மிகக் குறைவு. குடும்பமாகப் போனால் மிச்சம் நன்றாகவே தெரியும்.

நேரம்: நாகர்கோவில் வடசேரி பஸ் நிலையத்தில் பஸ் அடிக்கடி கிடைக்கும், ஆனால் தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை, பாலராமபுரம் என்று வழிநெடுக நெரிசல். ரயிலுக்கு அந்தத் தொல்லை இல்லை, தவறவிட்டால்தான் காத்திருப்பு.

வசதி: தக்கலைக்காரர்களுக்கு பஸ். இரணியல், குழித்துறை ஸ்டேஷன் பக்கம் இருப்பவர்கள் யோசிக்கவே வேண்டாம், ரயில்தான்.

எதில் போனாலும் திருவனந்தபுரத்தின் பஸ் நிலையமும் ரயில் நிலையமும் இருக்கும் தம்பானூரில் இறங்கி மியூசியத்துக்கு டவுன் பஸ் பிடிக்க வேண்டும். 1935-இல் தொடங்கிய ஸ்ரீ சித்ரா கலைக்கூடம், 2023-இல் திறந்த ரவிவர்மா கலைக்கூடம் இரண்டும் மரநிழல் நிறைந்த அந்த வளாகத்திலேயே உள்ளன. முள் எடுக்கும் சாக்கில் திரும்பிப் பார்க்கிறாளே சகுந்தலை, அவள் முன்னால் அவசரமில்லாமல் நில்லுங்கள். அந்தக் கழுத்தின் திருப்பத்தை அச்சுப்படத்தில் பார்த்தால் போதாது. அப்புறம், திங்கள் விடுமுறை.

வயதானவர்களோடு போனால் ரயில். திரும்பும் நேரம் நிச்சயமில்லையா, பஸ். என்னைக் கேட்டால், காலையில் ரயில், மாலையில் பஸ்.