விக்கம் செசபீக் மில்: கடைக்குள் போனால் அண்ணாந்து பாருங்கள்

இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில், ஃபேர்ஹம் ரயில் நிலையத்திலிருந்து சுமார் 5 கி.மீ. தள்ளி விக்கம் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே மியோன் ஆற்றோரம் நிற்கும் செங்கல் கட்டடம்தான் செசபீக் மில். 1820-இல் மாவு ஆலையாகக் கட்டப்பட்டது. 1970களில் அரைவை நின்ற பிறகு பழம்பொருள்களும் பரிசுப்பொருள்களும் விற்கும் இடமாக மாறியது. இப்படிப்பட்ட கடையில் சரக்கு அடிக்கடி மாறும் என்பதால் விலையைப் பற்றி எழுதிப் பயனில்லை. இங்கே பார்க்க வேண்டியது கூரையைத் தாங்கும் மரம்.

அது அமெரிக்கப் போர்க்கப்பல் செசபீக்கின் மரம். 1799-இல் வர்ஜீனியாவில் நீரில் இறங்கிய அந்தக் கப்பலை 1813-இல் பிரிட்டன் பிடித்தது. பிறகு போர்ட்ஸ்மத்தில் உடைத்து விற்றபோது, ஜான் பிரையர் என்ற ஆலைக்காரர் மரத்தை வாங்கினார். தளத்து உத்தரங்கள் 32 அடி நீளம், 18 அங்குலச் சதுரம். அவற்றை அறுக்காமல் அப்படியே ஏற்றினார்கள் என்று 19-ஆம் நூற்றாண்டுக் குறிப்பு சொல்கிறது. 12 அடிக் குறுக்குக்கட்டைகளும் அப்படியே பொருந்தின. ஆலையின் அகலத்தையே கப்பலின் தளம்தான் தீர்மானித்தது என்று சொல்லலாம்.

இந்த மரத்தின் அடியில் நின்றால் 1807 ஜூன் 22 நினைவுக்கு வராமல் போகாது. பிரிட்டிஷ் கப்பல்களிலிருந்து தப்பி ஓடிய மாலுமிகள் செசபீக்கில் வேலைக்குச் சேர்ந்திருந்தார்கள். அவர்களைத் தேடிப் பிடிக்கும்படி பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி பெர்க்லி ஜூன் 1-இல் ஹாலிஃபாக்ஸிலிருந்து ஆணையிட்டார். வர்ஜீனியா கரைக்கு அப்பால் 50 பீரங்கிகள் கொண்ட பிரிட்டிஷ் போர்க்கப்பல் லெப்பர்ட் செசபீக்கை மறித்து, சோதனை போட அனுமதி கேட்டது. செசபீக்கின் தலைவர் பாரன் மறுத்தார். மறுத்தவர் சண்டைக்குத் தயாராக இல்லை. மத்தியதரைக் கடலுக்கான நெடும்பயணச் சாமான்கள் தளமெங்கும் குவிந்திருந்தன. வெடிமருந்துக் கொம்புகள் நிரப்பப்படவில்லை. பற்றவைக்கத் தீ தயாராக இல்லை. லெப்பர்ட் சுடச்சுட, சமையலடுப்பிலிருந்து எடுத்து வந்த தணலால் ஒரே ஒரு பீரங்கியை வெடிக்க வைத்தார்கள். பிறகு கொடி இறங்கியது. கப்பலின் உடலில் 22 குண்டுகள். அந்த இடத்திலேயே 3 பேர் இறந்தார்கள், 18 பேர் காயமடைந்தார்கள்.

4 பேரைப் பிடித்துப் போனார்கள். அவர்களில் பிரிட்டனில் பிறந்தவர் ஜென்கின் ராட்ஃபர்ட் ஒருவரே. அவரைத் தூக்கிலிட்டார்கள். மற்ற மூவரும் அமெரிக்கர்கள். ஒருவர் காவலிலேயே இறந்தார்.

இதற்காக அமெரிக்கா போர் தொடுத்திருக்கலாமா? கூடாது என்பதே எங்கள் உறுதியான கருத்து. குற்றம் பெரியது, அதில் ஐயமில்லை. வணிகக் கப்பலைச் சோதனையிடுவது வேறு, இன்னொரு நாட்டின் போர்க்கப்பலைச் சுடுவது வேறு. அந்த உரிமை தனக்கு உண்டு என்று பிரிட்டிஷ் அரசே வாதாடவில்லை. பெர்க்லியைத் திருப்பி அழைத்தது, 1811 நவம்பரில் இழப்பீட்டுக்கும் ஒப்புக்கொண்டது. எதிரி தவறை ஒத்துக்கொள்ளும்போது, பீரங்கி சுடவும் தயாராக இல்லாத கடற்படையை வைத்துக்கொண்டு போருக்குக் கிளம்புவது மாலுமிகளின் உயிரைக் கொண்டு மானம் காப்பதாகும். மூன்றாவது வழி இருந்தது, அமெரிக்க அதிபர் ஜெஃபர்சன் அதன் பாதியைச் சரியாகச் செய்தார்: ஜூலை 2-இல் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை அமெரிக்க நீர்ப்பரப்பிலிருந்து வெளியேற உத்தரவிட்டார். டிசம்பரில் கொண்டுவந்த ஏற்றுமதித் தடைதான் பிழை. பிரிட்டனைவிடச் சொந்தத் துறைமுகங்களையே அது வருத்தியது.

அமெரிக்க வணிகக் கப்பல்களிலிருந்து மாலுமிகளைப் பிரிட்டன் பலவந்தமாகப் பிடித்துச் செல்வதுதான் தீராத வழக்கு. 1812 ஜூனில் போர் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அந்தப் போரை முடித்த 1814-இன் கெண்ட் (Ghent) உடன்படிக்கையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. உயிரோடிருந்த இரு மாலுமிகளோ, போர் அறிவித்தபின் 1812 ஜூலையில், பாஸ்டனில் இதே செசபீக்கின் தளத்தில் ஒப்படைக்கப்பட்டார்கள். பேச்சில் கிடைத்தது அவ்வளவு. அடுத்த ஆண்டு ஜூன் 1-இல் பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஷானனோடு நடந்த கால்மணிச் சண்டையில் இரு தரப்பிலும் ஏராளமானோர் செத்தார்கள், கப்பலும் பறிபோனது.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். கிளம்புமுன் திறப்பு நேரத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். சிறு டார்ச் ஒன்று எடுத்துப் போங்கள், விட்டத்தின் பக்கவாட்டைப் பார்க்க உதவும். ஷானனின் சிறுகுண்டுத் தழும்புகள் மரத்தில் இருப்பதாகப் பழைய குறிப்புகள் சொல்கின்றன. எல்லாக் குழியும் குண்டு அல்ல, ஆணியும் பொருத்துத் துளையும் உண்டு. பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்பதால் சுரண்டிப் பார்க்காதீர்கள். அரை மணி நேரம் போதும். அன்றைய நாளின் மீதியைப் போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் நெல்சனின் விக்டரி கப்பலுக்கு ஒதுக்குங்கள். பீரங்கித் தளம் எப்படி இருக்கும் என்று அங்கே பார்த்துவிட்டு இங்கே வந்தால், தலைக்கு மேலே இருப்பது எது என்று இன்னும் நன்றாகப் புரியும்.