2000 வாட் என்று அச்சிட்ட 1200 வாட் ஹீட்டர் ராடு: சேலம், ஏற்காட்டு மக்கள் கவனத்திற்கு

ஏற்காட்டில் இருக்கும் என் தாயாருக்காகச் சென்ற மார்கழியில் சேலம் கடைவீதியில் ஒரு ஹீட்டர் ராடு வாங்கினேன். கைப்பிடியிலும் பெட்டியிலும் 230 வோல்ட், 2000 வாட் என்று அச்சிட்டிருந்தது. அந்தத் திறனில் 20 லிட்டர் வாளித் தண்ணீர் 30 டிகிரி சூடேற ஏறத்தாழ 21 நிமிடம் போதும். ஆனால் எழுபது வயதைக் கடந்த என் தாயார், அந்தக் குளிரில் தினமும் நாற்பது நிமிடம் காத்திருந்தார்.

கடையில் போய்க் கேட்டபோது, "மலைமேல வோல்டேஜ் கம்மியா இருக்குமுங்க, ராடு என்ன பண்ணும்?" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நானும் அதை நம்பிச் சில வாரங்களை வீணாக்கினேன்.

பிறகு, தெரிந்த வயர்மேன் ஒருவர் ராடு ஓடிக்கொண்டிருக்கும்போதே அளந்து பார்த்தார். மின்னழுத்தம் 226 வோல்ட். கம்பியைச் சுற்றி மாட்டி அளக்கும் கிளாம்ப் மீட்டரில் மின்னோட்டம் 5.1 ஆம்பியர். (கிளாம்ப் மீட்டரை ஒற்றைக் கம்பியில்தான் மாட்ட வேண்டும், இரு கம்பிகளையும் சேர்த்துப் பிடித்தால் சுழியம்தான் காட்டும்.) இரண்டையும் பெருக்கினால் திறன் சுமார் 1153 வாட். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை 44.3 ஓம். உண்மையான 2000 வாட் ராடின் மின்தடையோ, 230-ஐ 230-ஆல் பெருக்கி 2000-ஆல் வகுத்தால் கிடைக்கும் 26.45 ஓம் அளவில் இருந்தாக வேண்டும்.

கடைக்காரர் சொன்ன காரணம் இங்கேதான் உடைகிறது. மின்னழுத்தம் குறைந்தால் மின்னோட்டமும் அதே விகிதத்தில் குறையுமே தவிர, ராடுக்குள் இருக்கும் நிக்ரோம் கம்பியின் மின்தடை பெரிதாக மாறுவதில்லை. 26.45 ஓம் ராடு ஒன்று 1153 வாட்டுக்கு இறங்க வேண்டுமானால் மின்னழுத்தம் 175 வோல்ட்டுக்கு விழுந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் இருந்ததோ 226. முழு 230 வோல்ட் கொடுத்தாலும் 44.3 ஓம் கம்பி 1194 வாட்டுக்கு மேல் தராது. அதாவது, எனக்கு விற்கப்பட்டது 1200 வாட் கம்பி; அதன்மேல் ஒட்டப்பட்டது 2000 வாட் பெயர்.

வாங்கும்போதே நான் கவனித்திருக்க வேண்டிய அடையாளம் ஒன்று இருந்தது: அந்த ராடில் 6 ஆம்பியர் பிளக் பொருத்தியிருந்தார்கள். 2000 வாட் ராடு 8.7 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 16 ஆம்பியர் பிளக்கும் தடித்த வயரும் வேண்டும்.

கடையில் மல்டிமீட்டர் இருந்தால், இணைப்பு கொடுக்காத ராடின் பிளக்கில் பூமி முனையை விட்டுவிட்டு மற்ற இரு முனைகளுக்கும் இடையே ஓம் அளவைக் காட்டச் சொல்லுங்கள். 1500 வாட்டுக்கு 35, 1000 வாட்டுக்கு 53 என்ற அளவை ஒட்டி வர வேண்டும். குண்டு பல்புக்கு இந்தச் சோதனை பொருந்தாது, ஏனெனில் அதன் டங்ஸ்டன் இழை எரியும்போது மின்தடை பல மடங்கு ஏறிவிடும். ஏற்கெனவே வாங்கியவர்கள் வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ராடை மட்டும் ஓட்டி, மின்மீட்டரின் சிவப்பு விளக்கு ஒரு நிமிடத்தில் எத்தனை முறை துடிக்கிறது என்று எண்ணலாம். ஒரு யூனிட்டுக்கு 3200 துடிப்பு என்று குறித்த மீட்டரில் 2000 வாட்டுக்கு நூற்றைத் தாண்டும். எங்களுக்கு 61 வந்தது.

நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். பில்லில் வாட் அளவை எழுதி வாங்குங்கள். என் கையில் இருப்பது "ராடு 1" என்று மட்டும் கிறுக்கிய துண்டுச் சீட்டு.