ரவி வர்மாவை வரைய: ஆயிலா, அக்ரிலிக்கா?

1848இல் கிளிமானூரில் பிறந்து, பரோடா, மைசூர், உதய்ப்பூர் என்று அரண்மனை அரண்மனையாகப் போய் வரைந்தவர் ராஜா ரவி வர்மா. அவரையே இன்று வரைய நினைப்பவர்கள் தடுமாறுவது, எண்ணெயில் குழைத்த ஆயில் வண்ணமா, தண்ணீரில் கரைக்கும் அக்ரிலிக் வண்ணமா என்ற கேள்வியில்தான்.

முகம்: ஆயில் நாள்கணக்கில் ஈரமாக இருக்கும். கன்னத்து வெளிச்சத்தை நிழலோடு மெல்ல இழைக்கலாம். மீசையின் ஓரம் தோலில் கரைந்து போவது இதில்தான் அழகாக வரும்.
அக்ரிலிக் நிமிடங்களில் காய்ந்து, நிறமும் சற்று அடர்ந்துவிடும்.

செலவு: அக்ரிலிக் மலிவு.

வசதி: வண்ணத்தை இளக்கவும் தூரிகையைக் கழுவவும் அக்ரிலிக்குக்குத் தண்ணீர் போதும். ஆயிலுக்கு டர்பன்டைனும் காற்றோட்டமான அறையும் வேண்டும். அப்புறம், வார்னிஷ் பூச மாதக்கணக்கில் காத்திருக்கணும்.

ஆயுள்: ஆயில் மெல்ல மஞ்சளிக்கும், ஆனாலும் நூற்றாண்டு தாண்டி நிற்கும். அவருடைய படங்களே சாட்சி.

பள்ளி விழாவுக்கு அவசரமா? அக்ரிலிக். வீட்டுச் சுவரில் நிலையாக மாட்டவா? தயங்காமல் ஆயில், அவர் கையாண்டதும் அதுதான்.