மிஸ்டரி ஷாப்பிங்: ‘அதிகக் கட்டணப் பணி’ என்று பணம் பறிக்கும் இடைத்தரகர்கள் குறித்து ஓர் எச்சரிக்கை

சாதாரண வாடிக்கையாளர்போலக் கடைக்குப் போய், அங்கே கிடைத்த சேவையைப் பற்றி அறிக்கை எழுதித் தரும் மிஸ்டரி ஷாப்பிங் வேலையில் புதிதாகச் சேர்ந்து, இன்னும் நல்ல கட்டணம் தரும் பணிகளைத் தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பதிவுக் கட்டணம் செலுத்தினால் மேல்நிலைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டு உணவகம், நகைக்கடை, தங்கும் விடுதி போன்ற பெரிய பணிகளைத் தருவதாகச் சொல்லி வாட்ஸ்அப் வழியாக அணுகும் இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். கோவையில் அப்படி ஒருவரிடம் பதிவுக் கட்டணத்தையும் ஓர் இரவு உணவின் செலவையும் இழந்தேன். நான் உழைத்து எழுதிய அறிக்கைக்கான கூலியும் அவருடைய கணக்கிலேயே போய்ச் சேர்ந்தது. டெலிகிராமில் ‘டாஸ்க்’ கொடுத்து லட்சக்கணக்கில் சுருட்டும் மோசடியைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். எனக்கு நடந்ததில் பணியும் உண்மை, உணவகமும் உண்மை, அறிக்கையும் உரிய இடத்துக்குத்தான் போகிறது என்பதால் ஏமாற்று எளிதில் கண்ணில் படுவதில்லை.

இந்த வேலை நடக்கும் முறையைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். ஒரு பெட்ரோல் நிறுவனமோ கைபேசிக் கடைகளை நடத்தும் நிறுவனமோ தன் கிளைகளில் வாடிக்கையாளர்களை எப்படி நடத்துகிறார்கள் என்று அறிந்துகொள்ள ஓர் ஆய்வு நிறுவனத்தை அமர்த்துகிறது. அந்த ஆய்வு நிறுவனம், தன்னிடம் பதிவு செய்துகொண்டவர்களைச் சாதாரண வாடிக்கையாளர்போல அங்கே அனுப்பிவைக்கிறது. பெட்ரோல் போடுவதற்கு முன் மீட்டரில் ஜீரோ பார்க்கும்படி ஊழியர் சொன்னாரா, கேட்காமலே பில் தந்தாரா, கழிப்பறை பூட்டாமல் இருந்ததா, காற்று நிரப்பும் இடத்தில் ஆள் இருந்தாரா என்று நீளும் கேள்விகளுக்கு அன்றிரவோ மறுநாளோ பதில் எழுதி, பில்லின் படத்தோடு பதிவேற்ற வேண்டும். எனக்குக் கிடைத்த தொடக்கப் பணிகளுக்கு முந்நூறு, நானூறு ரூபாய்தான் கட்டணம். அதுவும் வங்கிக் கணக்கில் வந்து சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். பேருந்துக் கட்டணத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால், இதைவிட நல்ல பணி கிடைக்காதா என்று எவருக்கும் தோன்றத்தான் செய்யும்.

பகுதிநேர வேலைகளுக்கான ஒரு வாட்ஸ்அப் குழுவில் என் எண்ணைப் பார்த்ததாகச் சொல்லி அழைத்தவர், தன்னைத் தென்மண்டல ஒருங்கிணைப்பாளர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். மரியாதையாகவும் பொறுமையாகவும் பேசினார். தொழிலின் சொற்களெல்லாம் அவருக்கு அத்துப்படியாக இருந்தன. பதிவுக் கட்டணமாக ரூ.1,999 செலுத்தினால் பயிற்சிச் சான்றிதழ் தருவதாகவும், அது இருப்பவர்களுக்கு மட்டுமே உயர் கட்டணப் பணிகள் ஒதுக்கப்படும் என்றும் சொன்னார். பணம் அனுப்பியதும் முத்திரையெல்லாம் பதித்த ஒரு பிடிஎஃப் வந்தது. ரசீது மட்டும் கடைசிவரை வரவில்லை.

அவர் கொடுத்த முதல் பணி, ரேஸ்கோர்ஸ் பகுதியில் உள்ள ஓர் உணவகத்தில் இருவர் இரவு உணவு சாப்பிட்டு அறிக்கை எழுதுவது. உணவுச் செலவில் ரூ.2,000 வரை திரும்பக் கிடைக்கும், அதற்கு மேல் ரூ.1,200 கட்டணம் என்பது பேச்சு. இதை அவர் ‘3,200 ரூபாய்ப் பணி’ என்றே விளம்பரப்படுத்தியிருந்தார். நம் பையிலிருந்து போய் நம் பைக்கே திரும்பும் தொகையையும் வருமானத்தில் சேர்த்துச் சொல்வது இந்தத் துறையில் பரவலாக உள்ள பழக்கம். ஒழுங்கான நிறுவனங்கள்கூடச் சில நேரங்களில் அப்படித்தான் எழுதுகின்றன. உணவு 1,980 ரூபாய், ஜிஎஸ்டி 5 சதவீதம் சேர்ந்து பில் 2,079 ரூபாயில் நின்றது. வரம்பைத் தாண்டிய தொகை நம் தலையில்தான் விழும் என்பதால், வரியையும் கணக்கிட்டே உணவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அவர் விதித்த நிபந்தனைகளில் இரண்டு குறிப்பிடத்தக்கவை. மேசையை என் பெயரில் முன்பதிவு செய்யாமல் அவர் சொல்லும் பெயரில் செய்ய வேண்டும் என்றார். அறிக்கையை எந்தத் தளத்திலும் ஏற்றாமல் வேர்டு கோப்பாக அவருக்கே அனுப்ப வேண்டும் என்றார். தண்ணீர் வைக்க எத்தனை நிமிடம் ஆயிற்று, பரிமாறியவர் இனிப்பு வகைகளைத் தாமாகப் பரிந்துரைத்தாரா, மேலாளர் மேசைக்கு வந்து விசாரித்தாரா என்று ஒவ்வொன்றையும் நேரக் குறிப்போடு எழுதி, பில்லைப் படமெடுத்து அனுப்பினேன். முதலில் பதில் இல்லை. பிறகு, பில்லில் நேரம் தெளிவாக இல்லாததால் அறிக்கை நிராகரிக்கப்பட்டதாக ஒரு செய்தி வந்தது. பில்லில் நேரம் பளிச்சென்று அச்சாகியிருந்ததைச் சுட்டிக்காட்டியபோது, ரூ.999 ‘மறுபரிசீலனைக் கட்டணம்’ செலுத்தினால் மீண்டும் பார்க்கச் சொல்வதாகப் பதில் வந்தது. அதை நான் செலுத்தவில்லை.

சில வாரங்கள் கழித்து, யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பதிவு செய்துகொள்ளக்கூடிய ஓர் ஆய்வு நிறுவனத்தின் பட்டியலில் அதே உணவகத்தின் அடுத்த மாதப் பணி இருந்தது. கேள்விகள் சொல் மாறாமல் அப்படியே இருந்தன. உணவு வரம்பு அதே ரூ.2,000, கட்டணம் ரூ.400. நடந்ததை விவரித்து, பணி ஒதுக்கும் ஷெட்யூலருக்கு எழுதினேன். அந்தக் கிளைக்கான முந்தைய மாத அறிக்கை ஏற்கப்பட்டுவிட்டதாகவும், பணியை ஏற்றுக்கொண்ட உறுப்பினருக்கு மட்டுமே தொகை வழங்க முடியும் என்றும், பணியை வேறொருவரிடம் கைமாற்றுவதை ஒப்பந்தம் தடைசெய்வதால் அந்தக் கணக்கை விசாரிப்பதாகவும் பதில் வந்தது. ஆக, இலவசப் பட்டியலில் இருந்த பணியைத் தன் கணக்கில் எடுத்து என்னிடம் தள்ளிவிட்ட அந்த இடைத்தரகர், நிராகரிக்கப்பட்டதாக என்னிடம் சொல்லப்பட்ட அறிக்கைக்கு உணவுத் தொகையும் கட்டணமுமாக 2,400 ரூபாய் பெறுகிறார். அதோடு என்னுடைய 1,999 ரூபாயும் அவரிடம். வீட்டை விட்டு வெளியே வராமலே நடக்கும் வியாபாரம் இது. முன்பதிவுப் பெயரில் அவர் காட்டிய பிடிவாதத்துக்கும் அப்போதுதான் காரணம் விளங்கியது.

அதிகக் கட்டணம் தரும் பணிகள் இல்லாமல் இல்லை. அவை அதே இலவசப் பட்டியல்களில்தான் கிடக்கின்றன. மாதக் கடைசியில் ஆள் கிடைக்காமல் தேங்கிய பணிகளுக்கு ஷெட்யூலர்களே கூடுதல் தொகை சேர்ப்பார்கள். வால்பாறை, கூடலூர் போன்று உறுப்பினர்கள் அதிகம் இல்லாத ஊர்களுக்கும், நெடுஞ்சாலைப் பங்க்குகளுக்கும் போக முன்வருகிறோம் என்று மின்னஞ்சலில் சொல்லிவைத்தால் அவர்களே கட்டணத்தை உயர்த்தித் தருவதாகச் சொல்லி அழைக்கிறார்கள். பொள்ளாச்சி, உடுமலை, பழனி என்று ஒரே பேருந்துத் தடத்தில் உள்ள பணிகளைச் சேர்த்து எடுத்தால் பயணச் செலவு பங்காகிவிடும். கார் ஷோரூம், வீட்டுக்கடன் விசாரணை போன்றவற்றில் நாம் எதையும் வாங்க வேண்டியதில்லை, எழுத்து வேலை நீளம் என்பதால் கட்டணமும் சற்றுக் கூடுதல். என்னைக் கேட்டால், உணவகப் பணிகளைவிட இவையே மேல். ஒவ்வோர் அறிக்கைக்கும் தரப்படும் மதிப்பெண் உயர்ந்தால்தான் இவை கைக்கு வரும். எந்தச் சான்றிதழும் அந்த மதிப்பெண்ணுக்கு ஈடாகாது.

மிஸ்டரி ஷாப்பிங் நிறுவனங்களின் சர்வதேச அமைப்பான எம்எஸ்பிஏ-வும் ஷாப்பராகச் சேர யாரும் பணம் கட்டத் தேவையில்லை என்றே சொல்கிறது. வருமான வரிப் பிடித்தத்துக்காக பான் எண் கேட்பது வழக்கமானது. ஆனால் ஓடிபியையோ யுபிஐ பின் எண்ணையோ எவர் கேட்டாலும் பேச்சை அங்கேயே முறித்துக்கொள்ளுங்கள். நமக்கு வர வேண்டிய பணத்தைப் பெறுவதற்கு யுபிஐயில் பின் எண் தேவையே இல்லை. ஜிஎஸ்டி எண் இருப்பதாகச் சொன்னால் அதை ஜிஎஸ்டி தளத்தில் இலவசமாகச் சரிபார்க்கலாம். அமெரிக்காவில் உள்ள உறவினர்கள் இந்த வேலையில் இறங்கினால், முதலிலேயே பெரிய தொகைக்குக் காசோலை அனுப்பி, அதில் ஒரு பகுதிக்குக் கிஃப்ட் கார்டு வாங்கி எண்களை அனுப்பச் சொல்லும் மோசடியைப் பற்றிச் சொல்லிவையுங்கள். அந்நாட்டின் வர்த்தக ஆணையமான எஃப்டிசி இதைப் பலமுறை எச்சரித்துள்ளது. பணம் கணக்கில் ஏறியதுபோலத் தெரிந்தாலும், காசோலை போலி என்பது தெரியவரச் சில வாரங்கள்கூட ஆகலாம்.

ஏற்கெனவே இப்படிப் பணம் அனுப்பியவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைக்கவும். தேசிய இணையக் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யலாம். யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்கக் குறிப்பெண், வாட்ஸ்அப் உரையாடலின் படங்கள், அவர்கள் அனுப்பிய சான்றிதழ் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். உரையாடலை ஆத்திரத்தில் அழித்துவிட வேண்டாம். ஏமாற்றுதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவில் வருகிறது. கணினி, கைபேசி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவின்படி 3 ஆண்டுகள் வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். என் புகார் பதிவாகியுள்ளது. பணம் இன்னும் திரும்பவில்லை. அந்த எண் இப்போது அணைந்து கிடக்கிறது. ஆனால் அதே முத்திரை பதித்த சான்றிதழ், வேறொரு பெயரில், ஊட்டி விடுதிகளில் தங்கும் பணிக்கு ரூ.2,999 பதிவுக் கட்டணம் என்ற விளம்பரத்தோடு குழுக்களில் சுற்றத் தொடங்கியிருக்கிறது.