நியூட்ரல் அறுந்து எரிந்த சாமான்களா? இந்தக் கடையில் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்
மழையில் கம்பத்தில் நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் கம்பி) அறுந்து, 230 வோல்ட் வர வேண்டிய வீட்டுக்குள் 400 வோல்ட் பக்கம் ஏறியதில் டிவி, ஃபிரிட்ஜ், மைக்ரோவேவ் மூன்றும் போச்சு. திருச்சி தில்லை நகரில் நான் கொடுத்த சர்வீஸ் கடையில் புதுசு வாங்கச் சொல்லி அவசரப்படுத்தவே இல்லை. டிவியின் பவர் போர்டில் வாரிஸ்டரும் ஃபியூஸும் மட்டும்தான் வெடித்திருந்தன, ஏறி வரும் வோல்டேஜைத் தானே வாங்கிக்கொண்டு மற்ற பாகங்களைக் காப்பாற்றுவதுதான் அந்த வாரிஸ்டரின் வேலை என்று கழற்றிக் காட்டி, அவற்றை மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள். ஃபிரிட்ஜில் கம்ப்ரசர் காயிலை மீட்டர் வைத்துப் பார்த்து, போர்டு மாற்றினால் போதும் என்றார்கள். பழைய மைக்ரோவேவுக்கு, “செலவு புதுசு விலையில் பாதியைத் தாண்டும், வேண்டாம் சார்” என்று நேராகச் சொன்னது ரொம்பப் பிடித்தது. உதிரிபாகம் வரத்தான் நாளாகிறது. அப்புறம், மாற்றிய பழைய போர்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், இன்ஷூரன்ஸ் இருந்தால் உதவும்.